எறும்பும் சிள்வண்டும்: ஒரு செய்யுட்கதையின் நெடும்பயணம்

எறும்பு கோடையெல்லாம் உழைத்துத் தானியம் சேர்த்தது. வெட்டுக்கிளி பாடித் திரிந்தது. குளிர்காலம் வந்ததும் எறும்பின் வாசலில் போய்க் கையேந்தி நின்றது. இக்கதையை அறியாத பள்ளிப் பிள்ளை இந்நாட்டில் இல்லையென்றே சொல்லலாம். தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் மராத்தியிலும் ஆரம்பப் பாடநூல்கள் இதனைச் சொல்லி வந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் இதைப் படித்தபோது, குளிர்காலம் என்பது நமக்கு ஏட்டளவில் அறிந்த ஒன்றாகவே இருந்தது. வடநாட்டு நகரங்களில் குடியேறி, தை மாதத்துக் குளிர்காற்றில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு வேலைக்குச் செல்லும் தமிழர்க்கு அக்கதையின் அச்சம் இப்பொழுது சற்று நெருக்கமாகவே விளங்கும்.

உழைப்பு, சோம்பல், முன்யோசனை என்னும் மூன்றையும் பற்றி உலகம் சொல்லிக்கொண்டுள்ள கதைகளில் இதைப்போலப் பரவியது வேறொன்றைக் காண்பது அரிது. ஆயினும், இது சொல்லும் நீதி யாது என்று கேட்டால், நாம் எண்ணுவது போல் அவ்வளவு எளிதில் விடை கூறிவிட முடியாது. இக்கதையைச் செய்யுளாக்கிய பெருங்கவிஞரே அதில் நீதியென்று ஒன்றை எழுதி வைக்கவில்லை. அதனால் பிற்காலத்து அறிஞர் பலர் இதைப்பற்றி வழக்காட நேர்ந்தது. அவ்வழக்கின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

கதையின் பிறப்பிடம் கிரேக்க நாடு. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்தவர் என்று மரபு கூறும் ஈசாப் என்னும் அடிமையின் பெயரால் இக்கதை வழங்குகிறது. கிரேக்கக் கதையில் வருவது வெட்டுக்கிளியன்று. கோடை வெயிலில் மரங்களில் அமர்ந்து ஓயாது இரையும் சிள்வண்டு. வடக்கு ஐரோப்பாவில் சிள்வண்டு அரிது. ஆகவே கதை வடக்கே செல்லச் செல்ல அவ்விடங்களில் மக்கள் அறிந்த வெட்டுக்கிளி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்ததும் அந்த வெட்டுக்கிளியே. சிள்வண்டு ஓசையை வேம்பிலும் புளியிலும் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள், தாம் நன்கறிந்த உயிரை விட்டுவிட்டு வேறொன்றைப் பாடநூலில் படித்தார்கள்!

நீதிக்கதைகள் முதலில் உரைநடையிலேயே வழங்கின. ஆனால் செய்யுளுக்கு ஒரு தனி ஆற்றல் உண்டு. அது நினைவில் தங்கும். ஏதென்ஸ் நகரச் சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த சாக்ரடீஸ், ஈசாப்பின் கதைகளைச் செய்யுளாக்கிப் பொழுது போக்கினார் என்று அவருடைய மாணவரான பிளேட்டோ எழுதியுள்ளார். பின்னர் பாப்ரியஸ் கிரேக்க மொழியிலும், அவியானஸ் லத்தீன் மொழியிலும் கதைகளைப் பாட்டாக்கினர். சிள்வண்டின் கதையும் அவர்கள் கைவழியே இறங்கி வந்தது. குளிர்காலத்தில் ஈரமான தானியத்தை எறும்புகள் வெளியே கொணர்ந்து உலர்த்திக்கொண்டிருந்தபோது பசித்த சிள்வண்டு வந்து கேட்டது என்பது பழைய கதையின் தொடக்கம். அந்தத் தானியம் உலர்த்தும் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

இக்கதைக்கு நிலைத்த வடிவம் தந்தவர் பிரெஞ்சுக் கவிஞர் ழான் தெ லா ஃபோந்தேன். 1621-ஆம் ஆண்டில் ஷாத்தோ தியெரி என்னும் ஊரில் பிறந்தவர். 1695-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் மறைந்தவர். அவருடைய நீதிக்கதைப் பாடல்களின் முதல் தொகுதி 1668-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பதினான்காம் லூயி மன்னரின் மகனுக்கு அதனை அவர் காணிக்கையாக்கினார்; இளவரசருக்கு அப்போது வயது ஆறு. அத்தொகுதியின் முதற் கதையே சிள்வண்டும் எறும்பும்.

இருபத்திரண்டே அடிகள் கொண்ட சிறு பாட்டு அது. அடிகள் ஏழு ஒலியசைகள் கொண்டு துள்ளிச் செல்லும். கோடை முழுவதும் பாடினாள் என்று சொல்ல வருமிடத்தில் மட்டும் ஓர் அடி மூன்றே ஒலியசைகளில் முடிந்துவிடுகிறது. படிப்பவர் மூச்சு விடுவதற்குள் கோடை கழிந்துவிடுகிறது, வாடைக்காற்று வந்துவிடுகிறது. காலம் எவ்வளவு விரைவில் நழுவுகிறது என்பதற்கு ஒரு நீண்ட உபதேசம் செய்யாததை அந்தக் குறுகிய அடி செய்துவிடுகிறது.

பாட்டில் சிள்வண்டு பிச்சை கேட்கவில்லை, கடனே கேட்கிறது. அடுத்த பருவம் வரையில் உயிர் தரித்திருக்கச் சிறிது தானியம் கொடுத்தால், ஆகஸ்டு மாத அறுவடைக்கு முன்பே அசலும் வட்டியுமாகத் தீர்த்துவிடுவதாக வாக்குக் கொடுக்கிறது. எறும்போ கடன் கொடுக்கும் வழக்கமுடையதன்று. இவ்விடத்தில் கவிஞர் குறும்பாக ஒரு சொல் சொல்லி வைக்கிறார்: எறும்பிடம் உள்ள குறைகளில் இதுவே மிகச் சிறியது என்னும் கருத்துப்பட எழுதுகிறார். கொடாமை ஒரு குறையாகவே அதனிடம் இல்லை என்று அவர் புகழ்கிறாரா? அன்றி, கொடாமையே சிறிய குறையென்றால் பெரிய குறைகள் எத்தனையோ என்று நகையாடுகிறாரா? முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பிரெஞ்சு ஆசிரியர்கள் வகுப்பில் இதனை விளக்க முயன்று வருகிறார்கள். இறுதியில் எறும்பு, கோடையில் என்ன செய்தாய் என்று விசாரிக்கிறது. பாடினேன் என்றதும், அப்படியானால் இப்போது ஆடிக்கொள் என்று கதவை அடைக்கிறது. பாட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. உழைக்க வேண்டும், சேமிக்க வேண்டும் என்று ஓர் அடிகூட அதில் இல்லை.

கவிஞருடைய வாழ்க்கையை அறிந்தவர்க்கு அந்த மௌனம் வியப்பளிக்காது. லா ஃபோந்தேன் தம்மை உழைப்பாளி என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டவர் அல்லர். தம் காலத்தில் பாதியை உறங்கியும் மறுபாதியை ஒன்றும் செய்யாமலும் கழித்ததாகத் தமக்குத் தாமே வேடிக்கையாகக் கல்லறை வாசகம் எழுதிக்கொண்டவர். தந்தை வழியில் வந்த காடு, நீர்நிலைகளின் மேற்பார்வை உத்தியோகம் அவரிடம் இருந்தது. சொத்து கரைந்துகொண்டே சென்றது. நிதியமைச்சர் ஃபூக்கே அவரை ஆதரித்தார். 1661-ஆம் ஆண்டில் மன்னர் ஃபூக்கேயைச் சிறையிலிட்டபோது, அரசரின் சினத்துக்கும் அஞ்சாமல் அவருக்காகக் கவிதையில் பரிந்து பேசியவர் லா ஃபோந்தேன். பின்னர் ஏறக்குறைய இருபதாண்டுகள் மதாம் தெ லா சப்லியேர் என்னும் பெருமாட்டியின் இல்லத்தில் உணவும் உறைவிடமும் பெற்று வாழ்ந்தார். எறும்பின் கதவு அடைபட்ட கதையை எழுதியவர், கதவைத் திறந்துவிட்டவர்களின் அன்பினால் வாழ்ந்தவர். அவர் எழுதிய இருநூற்று நாற்பதுக்குக் குறையாத கதைப்பாடல்கள் இன்றும் வாழ்கின்றன என்றால், சிள்வண்டுக்கு அளித்த தானியம் வீண்போகவில்லை என்பதற்கு அதனினும் சான்று வேண்டுமோ?

இப்பாட்டைக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது தகுமா என்று வெளிப்படையாக வினவியவர் ரூசோ. 1762-ஆம் ஆண்டில் வெளிவந்த 'எமீல்' என்னும் கல்வி நூலில் அவர் இதனை எடுத்துக்கொண்டார். சிள்வண்டைக் கண்டு குழந்தை திருந்தும் என்று பெரியோர் எண்ணுகின்றனர். குழந்தையோ எப்பொழுதும் வெற்றி பெறுபவரின் பக்கமே சேரும். ஆகவே அது எறும்பாகவே தன்னைக் கருதிக்கொள்ளும். இல்லையென்று மறுப்பதோடு, மறுக்கும்போது ஏளனம் செய்யவும் அது கற்றுக்கொள்ளும் என்பது அவருடைய வாதம். இதனை முழுவதும் ஒப்புக்கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும், பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் பெற்றோர், எதை எண்ணிச் சொல்கிறோம் என்பதைவிட எதைப் பிள்ளை எடுத்துக்கொள்கிறது என்று கவனிக்க வேண்டும் என்பதை மறுக்க முடியாது.

கிரேக்கர்களும் ஒருபக்கமாகவே பேசியவர்கள் அல்லர். ஈசாப்பின் பெயரால் வழங்கும் மற்றொரு கதையில் எறும்பு முன்னர் ஓர் உழவனாக இருந்ததாம். தன் விளைச்சல் போதாதென்று அயலார் நிலத்து விளைவையும் கவர்ந்ததால் தேவர் தலைவனான சீயஸ் அவனை எறும்பாக்கிவிட்டாராம்; உருவம் மாறியும் குணம் மாறாமல் இன்றும் பிறர் தானியத்தையே அது சுமந்து செல்கிறதாம். சிள்வண்டைப் பற்றியோ பிளேட்டோ வேறொரு கதை கூறுகிறார். கலைத்தேவியர் தோன்றி முதன்முதலாக இசை பிறந்தபோது, சில மனிதர்கள் அதில் மயங்கி உண்ணவும் பருகவும் மறந்து உயிர் நீத்தனர். அவர்களே சிள்வண்டுகளாயினர் என்பது அக்கதை. ஒரே பூச்சி, ஒரு கதையில் சோம்பேறி, மற்றொரு கதையில் கலைக்காகத் தன்னை இழந்த தொண்டன்!

கதைகளில் இருந்து இயற்கைக்கு வருவோம். தென் பிரான்சில் வாழ்ந்த பூச்சியியல் அறிஞர் ழான் ஆன்றி ஃபாப்ர் (1823–1915) வறுமையில் வளர்ந்து, பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி, பத்துத் தொகுதிகளாகப் பூச்சிகளின் வாழ்க்கையை எழுதியவர். செரிஞான் என்னும் சிற்றூரில் தம் வீட்டுத் தோட்டத்து மரங்களிலேயே சிள்வண்டுகளை ஆண்டுக்கணக்கில் நோக்கியவர். 1897-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐந்தாம் தொகுதியில் அவர் இக்கதையை இயற்கையின் நீதிமன்றத்தில் நிறுத்தினார்.

அவர் கண்டவை இவை. முழு வளர்ச்சி பெற்ற சிள்வண்டு குளிர்காலத்தில் உயிரோடு இருப்பதே இல்லை. கோடை முடிவதற்குள் இறந்துவிடுகிறது. அதற்குத் தானியம் தின்னும் வாயும் இல்லை. மரப்பட்டையைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சும் ஊசி போன்ற குழலே உண்டு. நீர் வற்றிய ஜூலை மாதத்துப் பிற்பகலில் சிள்வண்டு பட்டையில் துளையிட்டுச் சாறு பருகும்போது, கசியும் சாற்றை நக்க எறும்புகளே திரண்டு வருகின்றன. கால்களைக் கடித்தும் இறகுகளை இழுத்தும் துளையிட்டவனையே அவை விரட்டிவிடுகின்றன. பின்னர்ச் சிள்வண்டு இறந்து வீழ்ந்ததும், அதன் உடலைத் துண்டு துண்டாக்கிச் சுமந்து செல்வனவும் அவ்வெறும்புகளே. கையேந்துபவர் யார், கொடுப்பவர் யார் என்பதைக் கதை தலைகீழாக மாற்றிவிட்டது என்றார் ஃபாப்ர்.

மற்றோர் உண்மையும் உண்டு. பாடும் சிள்வண்டு ஒரு மாத காலமே வெயிலில் வாழ்கிறது. அதற்கு முன்னர், இளம்புழுப் பருவத்தில் ஏறக்குறைய நான்காண்டுகள் மண்ணுக்கடியில் இருளில் குடைந்து வேர்ச்சாறு பருகிக் கிடக்கிறது என்று அவர் கணக்கிட்டார். மேடையில் அமர்ந்து ஒருவர் பாடும் இரண்டு மணி நேரத்தைக் கேட்பவர், அதற்கு முன் விடியற்காலைகளில் அவர் செய்த சாதகத்தைக் கேட்பதில்லை. சிள்வண்டைச் சோம்பேறியென்று சொன்னவர்களும் மேலே நடந்ததை மட்டுமே கண்டவர்கள்.

எறும்புக்கும் நியாயம் வழங்க வேண்டும். வடக்கு ஐரோப்பாவில் எறும்புகள் குளிர்காலத்தில் மயங்கிக் கிடப்பதையே கண்ட அறிஞர்கள், அவை தானியம் சேர்ப்பதாகக் கிரேக்கர் சொன்னது வெறுங்கற்பனை என்று தள்ளினர். அக்கூற்றைத் திருத்தியதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், அந்நாளில் பூனா என்று வழங்கிய புனே நகரில் பணியாற்றிய சைக்ஸ் என்னும் இராணுவ அதிகாரி, எறும்புகள் புல்விதைகளைப் புற்றில் சேமித்து வைப்பதையும், மழையில் நனைந்த விதைகளை வெளியே கொணர்ந்து வெயிலில் உலர்த்துவதையும் கண்டு எழுதினார். பின்னர் மாக்ரிட்ஜ் என்னும் ஆங்கிலேயர் பிரான்சின் தென்கடற்கரையில் எறும்புகளின் களஞ்சியங்களைத் தோண்டிக் கண்டு 1873-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தானியம் உலர்த்தும் எறும்புகளைப் பாடிய பண்டைக் கவிஞர் கண்ணால் கண்டதையே பாடினர் என்பது இவ்வாறு மெய்ப்பட்டது. புனேயில் குடியிருக்கும் நேயர்கள் மழை வெறித்த ஒரு காலைப்பொழுதில் புல்வெளி ஓரம் குனிந்து நோக்கினால், ஈசாப்பின் கதாபாத்திரத்தைக் கண்டாலும் காணலாம்.

1808-ஆம் ஆண்டில் இவான் கிரிலோவ் இக்கதையை ரஷ்ய மொழியில் பாடியபோது எறும்பின் மறுப்பு மேலும் கடுமையாயிற்று. ரஷ்ய நாட்டுக் குளிரில் வீடும் விறகும் தானியமும் இல்லாதவர் பிழைப்பதரிது. முன்யோசனையின்மை அங்கே உயிர்க்கே இறுதியாகும். இடத்தின் கொடுமை ஏற ஏற எறும்பின் சொல்லும் கடுமையாவதை இதனால் அறியலாம்.

இக்கதை ஒன்றைக்கொண்டே லா ஃபோந்தேனின் கொள்கையை அளப்பதும் முறையன்று. உழைப்பைப் பற்றி அவர் பாடிய வேறொரு கதையில், சாகும் தறுவாயிலிருக்கும் செல்வந்த உழவர் தம் மக்களை அழைத்து, நிலத்தில் புதையல் ஒன்று மறைந்திருப்பதாகக் கூறுகிறார். அவர்கள் நிலம் முழுவதையும் கொத்திக் கிளறினர், பொன் கிடைக்கவில்லை, ஆனால் ஆண்டு முடிவில் விளைச்சல் பெருகிற்று. உழைப்பே புதையல் என்பதைத் தந்தை இவ்வாறு உணர்த்திச் சென்றார்.

திட்டமிடுதலைப் பற்றிய கதைக்கு அவர் நம் நாட்டுக்கே கடன்பட்டவர். 1678-ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுதியின் முன்னுரையில், பில்பாய் என்னும் இந்திய அறிஞருக்குத் தாம் கடமைப்பட்டிருப்பதை அவர் ஒப்புக்கொண்டார். பஞ்சதந்திரக் கதைகள் பாரசீகத்தின் வழியாகப் பிரெஞ்சு மொழியை அடைந்தபோது இப்பெயரோடு சென்றன. தலையில் பாற்குடத்தை வைத்துச் சந்தைக்குச் செல்லும் பெண், பாலை விற்று முட்டை, முட்டையில் கோழி, கோழியை விற்றுப் பன்றி, பன்றியை விற்றுப் பசு என்று எண்ணிக்கொண்டே துள்ள, குடம் விழுந்து உடைந்ததாக அவர் பாடினார். மாவுப் பானையை உதைத்து உடைத்த நம் பிராமணனின் கதையே அங்கே பாற்காரியின் கதையாயிற்று. கணக்கிடுவது வேறு, கனவு காண்பது வேறு. கையிலுள்ள பானையைக் காப்பதில் தொடங்குவதே திட்டம் என்பது இதன் கருத்து.

பஞ்சதந்திரத்தில் மூன்று மீன்களின் கதையும் உண்டு. வலைஞர் வரப்போவதை அறிந்ததும் முதல் மீன் வேறு நீர்நிலைக்குச் சென்றது. இரண்டாவது, ஆபத்து வந்தபின் செத்தது போல நடித்துத் தப்பியது. வருவது வரட்டும் என்றிருந்த மூன்றாவது மடிந்தது. கோடை, குளிர் என்னும் முறைமாறாப் பருவத்துக்கு எறும்பின் சேமிப்பு போதும். எதிர்பாராத ஆபத்துக்கு இரண்டாம் மீனின் சமயோசித புத்தியும் வேண்டும். ஊரை விட்டு வெளியே வந்து பிழைத்தவர்களுக்கு இவ்விரண்டும் வேண்டியிருப்பதை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் பெரும்பாலும் எறும்புக் குடும்பமாகவே தொடங்குகிறது. ஒற்றை அறை, அளந்து செய்யும் செலவு, மாதந்தோறும் ஊருக்கு அனுப்பும் பணம், தங்கையின் திருமணத்துக்கென்று கட்டும் சீட்டு, பிள்ளைகளின் படிப்புக்கென்று எடுத்து வைக்கும் தொகை என்று வாழ்க்கை கணக்கிலேயே செல்லும். நோய் வந்தாலும் வேலை போனாலும் தாங்குவதற்கு உற்றார் அருகில் இல்லாத ஊரில் அந்தக் கணக்கு இன்றியமையாதது. ஆயினும் அவர்கள் சிள்வண்டைக் கைவிட்டவர்கள் அல்லர். 1946-ஆம் ஆண்டில் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றியதும், 1952-ஆம் ஆண்டில் மும்பையில் ஷண்முகானந்த சபா தோன்றியதும், சேர்த்த பொருளில் ஒரு பகுதியைப் பாட்டுக்கும் மொழிக்கும் கொடுக்க முன்வந்த குடும்பங்களால் அன்றோ? எறும்பு கதவைத் திறந்ததனால் அந்நகரங்களில் தமிழும் இசையும் நிலைத்தன.

ஒவ்வொரு நகரிலும் புதிதாக வந்திறங்கும் ஓர் இளைஞன் எவருடைய கதவையேனும் தட்டவே செய்கிறான். அவன் கேட்பது பெரும்பாலும் தானமன்று. முதற் சம்பளம் வரையில் தங்க ஓரிடம், சிறு கைமாற்று, வேலைக்கு ஓர் அறிமுகம். முன்னர் அவ்வாறு தட்டி நின்றவர்களே இன்று கதவுக்கு உள்ளே இருப்பவர்கள். அவனிடம் கோடையில் என்ன செய்தாய் என்று வினவுவதும் தவறன்று. வினவாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால் களஞ்சியம் வற்றும். ஆனால் வினவிய பின் ஏளனம் செய்வதா, வழி காட்டுவதா என்பதில்தான் மனிதன் எறும்பினின்று வேறுபடுகிறான். வள்ளுவர் மடியின்மைக்கும் ஆள்வினையுடைமைக்கும் அதிகாரம் வகுத்தார்; ஒப்புரவறிதலுக்கும் ஈகைக்கும் அதிகாரம் வகுத்தார். ஒன்றையொன்று தள்ளுவதற்கு அல்ல. முயன்று சேர்த்தது தகுதியுடையோர்க்குப் பயன்படும்போதே முழுமை அடைகிறது என்பதற்காக.

லா ஃபோந்தேன் முதுமையை நெருங்கியபோது வெளியிட்ட ஒரு கதை இதற்கு முடிவுரை போல் அமைந்துள்ளது. எண்பது வயதைக் கடந்த கிழவர் ஒருவர் மரக்கன்று நடுகிறார். மூன்று இளைஞர்கள் அவரைக் கண்டு நகைக்கின்றனர்; பழுக்கும் நாளைக் காணப்போகிறவர் போல நடுகிறாரே என்று கேலி பேசுகின்றனர். தம் பேரர்களின் பிள்ளைகள் இந்நிழலுக்காக நன்றி கூறுவர், அந்த மகிழ்ச்சியைத் தாம் இன்றே துய்ப்பதாகக் கிழவர் விடையளிக்கிறார். காலம் செல்கிறது, மூன்று இளைஞர்களும் ஒருவர்பின் ஒருவராக மாண்டுபோக, கிழவரே அவர்களுக்காகக் கண்ணீர் வடிக்கிறார்.

எறும்பின் முன்யோசனை தன் ஒரு குளிர்காலத்தோடு நின்றுவிட்டது. கிழவரின் முன்யோசனை தாம் காணாத கோடைகளுக்கும் நிழல் தேடி வைத்தது. உழைப்பையும் சிக்கனத்தையும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்பொழுது எறும்பின் கதையைச் சொல்வோம், அது அவசியமே. அத்தோடு நிறுத்திவிடாமல், மரம் நட்ட கிழவரின் கதையையும் சேர்த்துச் சொல்வோமாயின், அவர்கள் சேர்க்கவும் கற்பர். சேர்த்தது எதற்கு என்பதையும் அறிவர்.